சேதாரத்துக்கு ரெண்டு

"பொல்காவலையில ஏத்தியாச்சு அக்கா.
நூறு. சேதாரத்துக்கு ரெண்டு கூட"
என்றான் குஞ்சு விற்கும் கொம்பனிப் பெடியன்
இரவு ஒன்பதரைக்கு, உடைந்த தமிழில்.
மற்ற எல்லாச் சொல்லும் உடைந்துதான் வந்தன.
சேதாரம் மட்டும் முழுசாக வந்தது.
யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு அந்தச் சொல் நகைக்கடைப் பழக்கம்.
கொடி செய்யக் கொடுத்த பொன்னில்
கால் பவுனைக் காணாமல் ஆக்கிவிட்டு
"சேதாரம் தங்கச்சி" என்றார் பத்தர்,
தராசைத் துடைத்துக்கொண்டே.
எடுக்கிறவர் வாயில்தான் இதுவரை கேட்டிருக்கிறேன்.
கொடுக்கிறவன் சொல்லி
இதுதான் முதல் தரம்.

ஏறாவூர் ஸ்டேஷன். விடிய நாலு மணி.
முஸம்மில் ஓட்டோவுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தான்.
நாலே கால், நாலரை,
நுளம்பு, ஐந்து.
டிக்கட் ஜன்னல்காரர் போனை வைத்துவிட்டுச் சொன்னார்:
"புனானைக்கு அங்கால யானை அடிபட்டுட்டு."

"பெரிசா?" முஸம்மில் எழும்பி வந்தான்.
"குட்டி. தாய் பக்கத்தில நிக்குதாம்.
ஒருத்தரையும் இறங்க விடுதில்லையாம்."

அதற்குப் பிறகு யாரும் மணி கேட்கவில்லை.

நான் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன்.
நேற்றுக் காலை பொரித்தது.
ஓட்டை விட்டு வரமுன்
மிச்ச மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளுமாம் குஞ்சு.
மூன்று நாள் கட்டுச்சோறு.
வகுப்பில் மிருக வைத்தியர் சொன்னது.
பசி கொல்லாது, சரி.
வெயில்?
சாமான் பெட்டி இரும்பு.
புனானையில் நிழலுக்கு என்ன இருக்கும்?

ஏழு மணிக்கு முஸம்மில் பிளேன்டீ வாங்கி வந்தான்.
"வெயிட்டிங் காசு எழுதிக்கொள்ளு" என்றேன்.
"யானைக்கு ஆரு காசு குடுக்கிற" என்றான்.

ஒன்பது பத்துக்கு வந்தது.
சாமான் பெட்டிக் கதவு திறக்க
முதலில் சத்தம் இறங்கியது.
பிறகுதான் பெட்டி.
ஓட்டை ஓட்டையாய்க் காட்போட்,
மேலே சிங்கள எழுத்தில் ஏதோ ஒரு பெயர்,
என்னுடையதாக இருக்கலாம்.
போன் நம்பர் என்னுடையதுதான்.
கையெழுத்து வைத்தேன்.

வந்தாறுமூலை வரைக்கும் மடியில்.
கிடங்கில் விழாமல் ஓட்டினான்.
அப்படி அவன் ஓட்டி நான் கண்டதில்லை.

தகர வளையம், உமி, மேலே பழைய பேப்பர்,
நூறு வாட்ஸ் பல்பு இரண்டு.
சீனித் தண்ணீரில் ஒவ்வொரு சொண்டாய்
ஒரு தரம் தோய்த்து விட வேண்டும்,
தண்ணீர் என்றால் என்னவென்று அதுகளுக்குத் தெரியாது.
சொண்டைத் தோய்க்க, தலை நிமிரும்,
தொண்டையில் சிறிதாய் ஒரு அசைவு.
ஒன்று.
விடு. அடுத்தது.
நாற்பதில் கணக்குத் தவறி
முப்பத்தெட்டிலிருந்து தொடங்கினேன்.

நூற்றியொன்று.

பெட்டியின் மூலையில் ஒன்று கிடந்தது,
மற்றவை மிதித்துத் தட்டையாகி.
கால் மட்டும் இன்னும் நல்ல மஞ்சள்.
முருங்கையடியில் தாட்டுவிட்டுக் கை கழுவினேன்.

ஆக, சாகவென்று கொடுத்த இரண்டில்
ஒன்று செத்தது.
மற்றது சாகவில்லை.

நூறும் சங்கத்துக் கடன்.
பில்லில் இருக்கிறது, கொப்பியில் இருக்கிறது,
கிழமைக்குக் கிழமை தவணையில் இருக்கிறது.
இது ஒன்று மட்டும் எந்தக் கொப்பியிலும் இல்லை.
எது என்று பார்த்தேன்.
பல்புக்குக் கீழே எல்லாம் ஒரே மஞ்சள்,
எல்லாம் ஒரே கத்தல்.
ஒன்று என் விரலைக் கொத்தியது.
அதுவாக இருக்கலாம்.
பிறகு இன்னொன்றும் கொத்தியது.

வியாழக்கிழமை சங்கத்துப் பிள்ளை
பைலும் குடையுமாய் வருவாள்.
கூட்டுக்குள் எட்டிப் பார்த்து
"எத்தனை உயிரோட கிடக்கு அக்கா?" என்பாள்.

"நூறு" என்பேன்.